நாகர்கோவிலிலிருந்து லண்டன்: எந்த வழி உண்மையில் பக்கம்?

"எனக்க மக லண்டன்ல நர்ஸு மக்ளே. பிரசவத்துக்கு வரச் சொல்லுதா. மெட்ராஸ்ல இருந்து நேரா ஒரு பிளைட் உண்டாம். திருவனந்தரத்துல ஏறினா துபாய்ல இறங்கி மாறணுமாம். எது பக்கம்?"

கருங்கல்லிலிருந்து ஓர் அம்மா கேட்ட கேள்வி இது. அதே வாரம், மேல்படிப்புக்குப் போகும் ஆரல்வாய்மொழிப் பையன் ஒருவன் வேறு குழப்பத்தோடு வந்தான். டெல்லி வழியாகப் போகும் டிக்கெட் விலை குறைவாக இருக்கிறது, எடுத்துவிடலாமா என்று கேட்டான். நம் மாவட்டத்தில் ஒரு காலத்தில் கல்ஃப் போகிறவர்கள் மட்டும்தான் விமானம் பற்றிப் பேசுவார்கள். இப்போது கிராமத்துக்கு நாலு நர்ஸ் பிள்ளைகளாவது இங்கிலாந்தில் இருக்கிறார்கள். பெற்றவர்கள் அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாக விமானம் ஏறுகிறார்கள். அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தூரத்தைச் சரியாகப் பார்ப்போம்

சுவரில் மாட்டிய உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் தப்பாகத்தான் வரும். பள்ளிக்கூடத்து உலக உருண்டையை எடுத்து, ஒரு நூலின் நுனியைத் திருவனந்தபுரத்திலும் மறு நுனியை லண்டனிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். அந்த நூல் கிடக்கும் வழிதான் மிகக் குறுகிய வான்வழி. அதன் நீளம் ஏறத்தாழ 8,400 கி.மீ. நூல் அரபிக்கடலை வடமேற்காகக் குறுக்கே வெட்டிப் பாரசீக வளைகுடாப் பக்கமாகப் போவதைப் பாருங்கள். துபாய் அந்த நூலை ஒட்டியே இருக்கிறது.

கணக்கு இதுதான். திருவனந்தபுரம் – துபாய் சுமார் 2,950 கி.மீ., துபாய் – லண்டன் சுமார் 5,500 கி.மீ. கூட்டினால் 8,450. துபாயில் இறங்கி ஏறுவதால் கூடுகிற தூரம் வெறும் 50 கி.மீ.தான். தோஹா வழி போனாலும் 8,500க்குள் முடிந்துவிடும். "சுற்றிக்கொண்டு போகிறோம்" என்ற எண்ணம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பொருந்தாது. வளைகுடா நமக்குப் போகிற வழியிலேயே இருக்கிறது.

சென்னையிலிருந்து லண்டன் சுமார் 8,230 கி.மீ. திருவனந்தபுரத்திலிருந்து போவதைவிட 170 கி.மீ.தான் குறைவு. அந்த 170 கிலோமீட்டரை மிச்சப்படுத்த நாம் நாகர்கோவிலிலிருந்து 700 கி.மீ. வடகிழக்கே போக வேண்டும்.

எதை வைத்து முடிவு செய்வது?

டிக்கெட் விலையையும் பறக்கும் நேரத்தையும் மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். நான் பார்க்கச் சொல்வது வேறு. முதலாவது, உங்கள் வீட்டு நடையிலிருந்து மகள் வீட்டு வாசல் வரை ஆகும் மொத்த நேரம். இரண்டாவது, எத்தனை இடத்தில் பெட்டியைக் கையால் தூக்க வேண்டியிருக்கும் என்பது. மூன்றாவது, ஒரு விமானம் தாமதமானால் அடுத்ததற்கு யார் பொறுப்பு. நான்காவது, போகிறவரின் உடம்பும் பழக்கமும்: மூட்டு வலி, சர்க்கரை, இந்தியோ ஆங்கிலமோ பேச வருமா என்பதெல்லாம். விலை இவற்றுக்குப் பிறகுதான் வரவேண்டும். குறைந்த விலை டிக்கெட்டின் பாக்கித் தொகையைப் பல சமயம் கார் வாடகையாகவும் லாட்ஜ் வாடகையாகவும் கட்டிவிடுகிறோம்.

கீழே உள்ள நேரங்கள் நாகர்கோவிலை வைத்து, ஹீத்ரோ விமான நிலையத்தை விட்டு வெளியே வருவது வரை நான் போட்ட தோராயக் கணக்கு. விமான அட்டவணை மாறும்போது இவையும் கொஞ்சம் மாறும்.

| | திருவனந்தபுரம் – வளைகுடா | சென்னை நேர் விமானம் | மும்பை அல்லது டெல்லி வழி |
|---|---|---|---|
| வான்வழித் தூரம் | 8,450 – 8,500 கி.மீ. | 8,230 கி.மீ. | மும்பை 8,470, டெல்லி 8,950 கி.மீ. |
| வீட்டிலிருந்து தரைவழி | 65 – 70 கி.மீ. | 700 கி.மீ. | 65 – 70 கி.மீ. |
| பறக்கும் நேரம் | 11½ – 12 மணி | 10½ – 11 மணி | 12 – 13½ மணி |
| மொத்த நேரம் | சுமார் 22 மணி | ரயிலில் போனால் சுமார் 28 மணி | 22½ – 25 மணி |
| மாறும் இடங்கள் | ஒன்று | விமானத்தில் இல்லை. தரையில் இரண்டு | ஒன்று |
| பெரிய ஆபத்து | வளைகுடா வான்வழி மூடல் | ரயில் தாமதம் | பனிமூட்டம், டெர்மினல் மாற்றம் |

திருவனந்தபுரத்தில் ஏறி வளைகுடாவில் மாறுவது

எமிரேட்ஸ் துபாய் வழியும், கத்தார் ஏர்வேஸ் தோஹா வழியும், எத்திஹாட் அபுதாபி வழியும் அழைத்துப் போகின்றன. நாகர்கோவிலிலிருந்து காரில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தூரம் குறைவுதான், ஆனால் தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று ஊருக்கு ஊர் நெரிசல். களியக்காவிளை தாண்டிக் காரோட்டில் நான்குவழிப் புறவழிச் சாலையைப் பிடித்துவிட்டால் பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலில் மாட்டாமல் விமான நிலையத்தை ஒட்டிய சாக்கை வரை போய்விடலாம். மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து ஆட்களுக்கு இதனால் இன்னும் லாபம்.

டிக்கெட்டைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடும்போதுதான் எல்லோரும் குழம்புகிறார்கள். அதில் போட்டிருப்பது அந்தந்த ஊர் நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். லண்டன் கோடையில் நாலரை மணி நேரமும், அக்டோபர் கடைசி ஞாயிறு தொடங்கி மார்ச் கடைசி ஞாயிறு வரை ஐந்தரை மணி நேரமும் பின்னால். உதாரணத்துக்கு, கோடையில் காலை 4.30க்கு திருவனந்தபுரத்தில் ஏறி, துபாயில் 7.15க்கு இறங்கி, 9.45க்கு அடுத்த விமானம் ஏறி, லண்டனில் மதியம் 2.15க்கு இறங்குவதாக டிக்கெட் இருந்தால், பத்து மணி நேரத்துக்குள் போய்விடுவதுபோலத் தெரியும். உண்மையில் அது பதினாலே கால் மணி நேரம். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கையில் ஒரு பழைய கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே ஓடவிட்டு வைத்துக்கொள்வது நல்லது. எந்த வேளை மாத்திரை என்பதில் குழப்பம் வராது. இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடக் கூடாது. விமானத்தின் அடிப்பகுதிக் குளிரில் அது உறைந்து கெட்டுப்போகலாம். மருத்துவர் சீட்டோடு கைப்பையிலேயே இருக்கட்டும்.

முதல்முறை போகும் வயதானவர்களுக்கு இந்த வழியைத்தான் நான் சொல்வேன். இந்தியாவில் முடிக்க வேண்டிய இமிகிரேஷன் வேலை திருவனந்தபுரத்திலேயே முடிந்துவிடும். அங்கே மலையாளம் கேட்டாலும் தமிழில் பதில் சொல்லலாம், நம் ஆட்களுக்கு அதில் பயமில்லை. பெட்டி நேராக லண்டனுக்குப் போய்விடும். டிக்கெட் போடும்போதே வீல்சேர் உதவி கேட்டு வைத்தால் (பயணத்துக்கு 48 மணி நேரம் முன்னாலாவது சொல்லிவிட வேண்டும்) துபாயிலோ தோஹாவிலோ ஓர் ஆள் வந்து அடுத்த விமானத்தின் வாசலில் கொண்டுபோய் விடுவார். அந்த நிலையங்களில் ஒரு கேட்டிலிருந்து இன்னொன்றுக்கு நடப்பது வடசேரிச் சந்தையைப் பலமுறை சுற்றி வருவதுபோல. நடக்க முடிகிறவர்களும் வெட்கப்படாமல் கேளுங்கள். நடுவில் இறங்கிக் கால் நீட்டி நடப்பது உடம்புக்கும் நல்லது. பத்துப் பதினொரு மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார்ந்தால் காலில் நீர் கோத்துக்கொள்ளும். சிலருக்கு ரத்தம் கட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

மாறுவதற்கு இரண்டரை முதல் நான்கு மணி நேரம் இருக்கும் டிக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றே கால் மணி நேரத்தில் மாறுகிற டிக்கெட்டும் விற்பார்கள். இளைஞர்கள் ஓடிப் பிடிப்பார்கள், அம்மாக்களால் முடியாது. எட்டு, பத்து மணி நேரக் காத்திருப்பில் விலை குறையும். ஆனால் அங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் சாயாவுக்கும் கொடுக்கிற காசு மிச்சத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

இன்னொரு பெரிய லாபமும் உண்டு. "லண்டன்" என்று நாம் சொல்கிறோமே தவிர, நம் பிள்ளைகளில் பலர் வேலை பார்ப்பது மான்செஸ்டரிலும் பர்மிங்காமிலும் கிளாஸ்கோவிலும். வளைகுடாவிலிருந்து அந்த ஊர்களுக்கே நேராக விமானங்கள் உண்டு. மகள் மான்செஸ்டரில் இருக்க, லண்டனுக்கு டிக்கெட் எடுத்து, அங்கிருந்து பெட்டிகளோடு ரயிலில் போவது வீண் அலைச்சல்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். வளைகுடாவின் நிலைமை ஒரே இரவில் மாறும். 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வழியைச் சில மணி நேரம் மூடியபோது தோஹா நோக்கிப் போன விமானங்கள் வேறு ஊர்களில் இறங்கின. 2024 ஏப்ரல் 16 அன்று துபாயில் கொட்டிய மழையில் விமான நிலையமே தண்ணீரில் நின்றது, பயணிகள் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். இப்படிப் பதற்றமான செய்தி வரும் வாரங்களில் போக வேண்டியிருந்தால், அடுத்து வரும் வழியை யோசிக்கலாம்.

சென்னையிலிருந்து நேர் விமானம்

சென்னை – ஹீத்ரோ இடையே பிரிட்டிஷ் ஏர்வேஸ் பல ஆண்டுகளாக நேர் விமானம் ஓட்டுகிறது. சென்னையிலிருந்து அது அதிகாலையில் புறப்படுவதுதான் வழக்கம். "நேர்" என்ற சொல்லுக்கு ஒரு கவர்ச்சி உண்டு. ஒருமுறை ஏறினால் லண்டனில்தான் இறங்குவோம் என்ற நிம்மதியை நான் சிறுமைப்படுத்தவில்லை. கைக்குழந்தையோடு போகும் தாய்க்கு அது பெரிய விஷயம். தூங்குகிற பிள்ளையை நடுவழியில் எழுப்ப வேண்டாம்.

ஆனால் நமக்குச் சென்னை என்பதே ஒரு பயணம். 2024 ஆகஸ்ட் 31 முதல் ஓடும் நாகர்கோவில் – சென்னை வந்தே பாரத் இதைக் கொஞ்சம் எளிதாக்கியிருக்கிறது. மதியம் இரண்டரை வாக்கில் கிளம்பினால் இரவு பத்தரை வாக்கில் தாம்பரத்தில் இறங்கலாம். எழும்பூர் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டினால் திரிசூலம், எதிரிலேயே விமான நிலையம். இரண்டு பெரிய பெட்டி இருந்தால் மின்சார ரயில் வேண்டாம், டாக்சி பிடியுங்கள். வாரத்தில் ஒரு நாள் இந்த வந்தே பாரத் ஓடாது என்பதைப் பார்த்துவிட்டு விமானத் தேதியைக் குறிக்க வேண்டும். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் முந்தின இரவே போனால் காலையில் சென்னை; பிறகு அடுத்த அதிகாலை வரை ஒரு முழுப் பகல் தங்க இடம் வேண்டும். சொந்தக்காரர் வீடு இல்லையென்றால் லாட்ஜ் செலவு.

ரயிலுக்கும் விமானத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். ரயில் தாமதமானால் விமான நிறுவனம் பொறுப்பேற்காது.

தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு வழி உண்டு. நெல்லை வழியாகத் தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம் போய், அங்கிருந்து சென்னைக்குப் பறக்கலாம். 2025 ஜூலை 26 அன்று அங்கே புதிய முனையம் திறக்கப்பட்டது. நாகர்கோவிலிலிருந்து சுமார் 110 கி.மீ. தூரம் என்றாலும் நாலுவழிச் சாலையில் போகிற 110, மார்த்தாண்டம் நெரிசலில் போகிற 70ஐவிட உடம்புக்குச் சுகம். ஆனால் தனியாக வாங்கும் உள்நாட்டு டிக்கெட்டில் பொதுவாக 15 கிலோ பெட்டிதான் இலவசம். லண்டன் டிக்கெட்டில் அனுமதிக்கும் எடையோடு வாகைக்குளம் போனால் கூடுதல் எடைக்குக் காசு கட்ட வேண்டும்.

மும்பை வழி, டெல்லி வழி

இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது வழக்கம். தூரக் கணக்கில் இரண்டும் ஒன்றல்ல. திருவனந்தபுரம் – மும்பை சுமார் 1,260 கி.மீ., மும்பை – லண்டன் சுமார் 7,200. அதாவது மும்பையும் நம் நூலை ஒட்டித்தான் இருக்கிறது. டெல்லிக்கு 2,230 கி.மீ. நேர்வடக்கே ஏறி, அங்கிருந்து 6,720 கி.மீ. மேற்கே போகிறோம். அதில் 550 கி.மீ. சுற்று. போதாததற்கு, 2025 ஏப்ரலில் இந்திய விமான நிறுவனங்களுக்குப் பாகிஸ்தான் தன் வான்வழியை மூடியதிலிருந்து டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் இந்திய நிறுவன விமானங்கள் தெற்கே சுற்றிப் போக வேண்டியதாயிற்று. பறக்கும் நேரமும் அதற்கேற்பக் கூடியது. டிசம்பர், ஜனவரியில் டெல்லி பனிமூட்டம் வேறு.

ஆரல்வாய்மொழித் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: டெல்லி டிக்கெட் விலை கணிசமாகக் குறைவாக இருந்து, மாறுவதற்கு நாலு மணி நேரம் இருந்து, எல்லாம் ஒரே டிக்கெட்டாக இருந்தால் எடுக்கலாம். இளவயது, நடக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கல்லூரி தொடங்குவதற்கு முந்தின நாள் மட்டும் போய் இறங்க வேண்டாம். மும்பை வழி அதே விலைக்குக் கிடைத்தால் யோசிக்காமல் மும்பை.

திருவனந்தபுரத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஓடுபாதையின் ஒரு பக்கம் சங்குமுகம், மறுபக்கம் சாக்கை. இரண்டு பக்கமும் டெர்மினல் உண்டு, ஒன்றிலிருந்து மற்றதற்குச் சாலையில் சுற்றித்தான் வர வேண்டும். உள்நாட்டு விமானம் என்றால் சங்குமுகம் என்று நினைத்துப் போய் இறங்கிவிட்டு, விமானம் சாக்கைப் பக்கம் என்று தெரிந்து பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன். டிக்கெட்டில் டெர்மினல் எண்ணைப் படித்துவிட்டு டிரைவரிடம் சொல்லுங்கள்.

கொச்சி பற்றியும் கேட்கிறார்கள். அங்கிருந்து லண்டனுக்கு ஏர் இந்தியா ஓட்டிவந்த நேர் விமானம் 2025 மார்ச் கடைசியோடு நின்றது. அது இல்லாதபோது, கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரி வரை ஏறத்தாழ 300 கி.மீ. போய் அங்கேயும் துபாய் விமானமே ஏறுவதில் அர்த்தமில்லை. கொழும்பு வழி என்றால் தென்கிழக்கே போய்த் திரும்பி மேற்கே வர வேண்டும், மொத்தம் 9,000 கி.மீ. தாண்டும்.

தனித்தனி டிக்கெட் வாங்காதீர்கள்

விலை குறைக்க உள்நாட்டுப் பயணத்துக்கு ஒரு டிக்கெட், லண்டனுக்கு இன்னொரு டிக்கெட் என்று பிரித்து எடுப்பார்கள். என் அக்கா அப்படித்தான் எடுத்தாள். முதல் விமானம் மூன்று மணி நேரம் தாமதம். மும்பையில் இறங்கி, பெட்டிக்காகக் காத்து நின்று, டெர்மினல் மாறிப் போய்ச் சேர்ந்தபோது லண்டன் விமானத்தின் செக்-இன் மூடியிருந்தது. இரண்டு நிறுவனங்களும் பொறுப்பில்லை என்றார்கள். டிக்கெட்டின் முழுத் தொகையும் போய், அன்றைய விலைக்குப் புதிதாக ஒன்று வாங்கினாள். மூன்று வயதுப் பிள்ளையோடு அந்த இரவை அவள் நாற்காலியில் கழித்தாள். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு கனக்கும். ஒரே பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) எல்லாம் இருந்தால், முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் கடமை. ஏஜென்டிடம் டிக்கெட் வாங்குகிறவர்கள் இந்த ஒரு கேள்வியையாவது கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்: "எல்லாம் ஒரே பி.என்.ஆர். தானா?"

பெட்டியில் போகிற நம் சாமான்கள்

எந்த வழியில் போனாலும் நேந்திரங்காய் சிப்ஸும் முந்திரிக்கொத்தும் போகும், அதில் தடையில்லை. கொப்பரைத் தேங்காயை வைக்காதீர்கள். எளிதில் சூடேறித் தீப்பிடிக்கும் பொருள் என்று விமானத்தில் விடமாட்டார்கள். பிரசவப் பெண்ணுக்கென்று உருக்கிய நெய்யையும் வீட்டில் விட்டுவிட வேண்டியதுதான். இந்தியாவிலிருந்து பால், இறைச்சி சேர்ந்த பொருள்களைப் பிரிட்டனுக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. லண்டன் தமிழ்க் கடைகளில் நெய் கிடைக்கும்.

திரும்பி வரும்போது

மேலே வீசும் மேற்குக் காற்று வரும்போது பின்னாலிருந்து தள்ளும். அதனால் லண்டனிலிருந்து வரும் விமானம் போனதைவிடச் சீக்கிரம் வந்து சேரும். வளைகுடா வழி வந்தால் பெட்டி திருவனந்தபுரத்தில்தான் கையில் கிடைக்கும், கஸ்டம்ஸும் அங்கேதான். மும்பை, டெல்லி வழி வந்தால் பெரும்பாலும் அங்கேயே பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி உள்நாட்டு விமானத்துக்குப் போட வேண்டியிருக்கும். களைத்து வரும் வயதானவர்களுக்கு இது போகும்போது பட்ட எந்தச் சிரமத்தையும்விடப் பெரிது. போக வர டிக்கெட்டை ஒன்றாகப் போடும்போது திரும்பும் பாதியையும் இதே கண்ணோடு பாருங்கள்.

தேதி குறிக்கும்போது பத்மநாபசுவாமி கோவில் ஆறாட்டு நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆண்டுக்கு இருமுறை, சாமி சங்குமுகம் கடற்கரைக்கு எழுந்தருளும் ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து போகும். அன்று மாலை சில மணி நேரம் விமானங்கள் இறங்குவதும் இல்லை, ஏறுவதும் இல்லை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த நமக்கு அது அந்நியமான வழக்கமும் அல்ல. விமான நேரங்களை முன்கூட்டியே மாற்றி அறிவிப்பார்கள். கூட்டிவரப் போகிற காரின் நேரத்தை நீங்கள்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

கருங்கல் அம்மா திருவனந்தபுரம் – துபாய் டிக்கெட்டையே எடுத்திருக்கிறார்கள். மூன்று மணி நேர டிரான்சிட், வீல்சேர், ஒரே பி.என்.ஆர். அந்த வீட்டிலிருந்து சாக்கைக்கு ஒன்றரை மணி நேரம். இரவு பத்து மணிக்குக் கார் சொல்லியிருக்கிறார்கள்.